சாரம் பிரிக்கும் நாள்



திசு மீளாக்கத் துறையில் புழங்கும் 'ஸ்கஃபோல்டு' என்ற சொல்லுக்குத் தமிழில் பலர் புதுச்சொல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தாங்குசட்டகம், ஆதாரச் சட்டம் என்றெல்லாம் எழுதிப் பார்க்கிறார்கள். வீடு கட்டும் தெருவில் நின்று கேட்டால் கொத்தனார் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்: சாரம். சவுக்குக் கம்பும் கயிறுமாகச் சுவரை ஒட்டி எழுகிற அந்தச் சாரத்துக்குள் ஒரு விதியும் அடங்கியிருக்கிறது. சாரம் கட்ட ஒரு நாள் இருப்பதுபோல் பிரிக்கவும் ஒரு நாள் உண்டு. மேல்தளத்துக்கு அடித்த சென்ட்ரிங்கை மூன்றாம் நாளே பிரித்தால் தளம் இறங்கிவிடும். பிரிக்காமலே விட்டால் அந்த வீட்டில் யாரும் பால் காய்ச்ச முடியாது. புண்ணை ஆற்றவும் இழந்த திசுவை மீட்கவும் செய்யப்படும் உயிரிப்பொருள்களை நாம் அவற்றின் உறுதியை வைத்தும், அவற்றில் ஏற்றிய மருந்தை வைத்தும், அண்மைக்காலமாக அவற்றில் குடியேற்றிய செல்களை வைத்தும் எடை போடுகிறோம். அவை எத்தனை நாள் இருக்கின்றன, எப்போது கரைந்து வழிவிடுகின்றன என்பதை முதல் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பதே இன்று நான் வைக்கும் வாதம்.

காயம் பட்ட உடம்புக்கு இருப்பது ஒரே அவசரம்: திறந்த வாயை மூடுவது. ரத்தம் உறைகிறது, வெள்ளணுக்கள் வந்து செத்ததை அகற்றுகின்றன, பிறகு நார்த்திசுச் செல்கள் இறங்கிக் கிடைத்த திசையில் கொலாஜனைப் பின்னுகின்றன. அவற்றில் ஒரு பகுதி, தசையைப்போல் சுருங்கும் திறனைப் பெற்றுக் காயத்தின் விளிம்புகளை உள்ளே இழுக்கிறது. 1971இல் கப்பியானி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தச் செல்களை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள். மேல்தோல் எத்தனை முறை போனாலும் திரும்ப வளரும். அதன் அடியிலுள்ள உள்தோல், வளர்ந்த மனிதருக்கு முழு ஆழத்துக்கும் போய்விட்டால் திரும்புவதில்லை. அந்த இடத்தில் தழும்புதான் வரும். தழும்பில் முடி முளைக்காது, வியர்வை சுரக்காது, தோலின் நெகிழ்ச்சியும் இருக்காது. கழுத்து வெந்தவருக்கு மோவாய் மார்போடு இழுத்துக்கொள்வதும், கை வெந்த குழந்தைக்கு விரல்கள் மடங்கியே நின்றுவிடுவதும் இதனால்தான். இருந்தாலும் தழும்பை உடம்பின் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிருமியும் நீரிழப்பும் உயிரைக் கொண்டுபோகக்கூடிய நிலையில், அழகாகக் கட்ட நேரம் எடுத்துக்கொள்ளாமல் அவசரத்துக்குச் சுவர் எழுப்பிய வேலை அது. அந்த அவசரத்தைக் கொஞ்சம் தணிக்க முடியுமா என்பதுதான் நம் கேள்வி.

முதல் விடை மிக எளிய பொருளிலிருந்து வந்தது. 'காற்றாட விடு, காய்ந்தால் ஆறும்' என்பது நம் வீடுகளில் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் நம்பப்பட்ட பாடம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இளம் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுக்கு விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் பொருக்கு. காய்ந்து இறுகிய பொருக்குக்கு அடியில் புதுத்தோல் செல்கள் ஈரமான தளம் தேடிச் சுரங்கம் தோண்டிப் போக வேண்டியிருந்தது. படலத்துக்கு அடியிலோ ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போயின. புதுத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் கொத்தனாருக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது. பாலித்தீன் புண்ணுக்கு எதையும் கொடுக்கவில்லை. இருந்ததைப் போகாமல் காத்தது, வேலை முடிந்ததும் உரிக்கப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் ஹைட்ரோஜெல், ஹைட்ரோகொலாய்டு, நுரைக்கட்டு எல்லாம் இந்தப் படலத்தின் பேரப்பிள்ளைகள்.

ஆழமான காயத்துக்கு ஈரம் மட்டும் போதாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஐயானிஸ் யானஸும் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் 1970களில் கூட்டாகச் செய்த வேலை இங்கேதான் வருகிறது. தீக்காயத்தைச் சீக்கிரம் மூடவைக்கும் பொருளைத் தேடித்தான் அவர்கள் புறப்பட்டார்கள். கொலாஜனில் வெவ்வேறு விதமாகச் செய்த துண்டுகளை கினிப் பன்றிகளின் காயங்களில் வைத்தபோது ஒரு வகை, காயம் சுருங்கி மூடுவதைத் தாமதப்படுத்தியது. தேடியதற்கு நேர் எதிரான விளைவு, கழித்துக்கட்டியிருக்கலாம். ஆனால் தாமதமான அந்தக் காயத்தின் அடியில் உருவாகிக்கொண்டிருந்த திசுவில் தழும்புக்குரிய ஒரே திசை நார்க்கட்டு இல்லை. உள்தோலை ஒத்த பின்னல் இருந்தது. இந்தத் துறையின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் கணம் இது. சுருக்கத்தை ஒத்திப்போட்டால் மீளாக்கத்துக்கு இடம் கிடைக்கிறது என்று ஒரு 'தோல்வி' காட்டிக்கொடுத்தது.

அந்தத் துண்டு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மாட்டின் கொலாஜனை நீர்த்த அமிலத்தில் கூழாக்கி, சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்டின் சல்பேட்டைச் சேர்க்கிறார்கள். கூழை உறையவைத்தால் பனிப்படிகங்கள் எழும். வெற்றிடத்தில் அந்தப் பனியை ஆவியாக்கினால் படிகம் இருந்த இடமெல்லாம் துளைகளாக நிற்கும். எவ்வளவு வேகமாகக் குளிரவைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் துளை பெரிதாகும், சிறிதாகும். 20 முதல் 125 மைக்ரோமீட்டர் வரை இருந்தால் செல்கள் உள்ளே ஏறுகின்றன. பிறகு வெற்றிடத்தில் 105 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து, குளூட்டரால்டிஹைடில் நனைத்து, கொலாஜன் இழைகளுக்குள் குறுக்குப் பிணைப்புகளைப் போடுகிறார்கள். இந்தப் பிணைப்புதான் கடிகாரம். குறைவாகப் போட்டால் பஞ்சு சில நாளில் கரைந்து, காயம் பழையபடி சுருங்கித் தழும்பாகிறது. மிகுதியாகப் போட்டால் அது கரையாமல் நிற்க, உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணி நாரால் சுற்றிவளைக்கிறது. ஏறத்தாழ 2 வாரத்தில் பாதி கரைவதாக அமைந்தபோதுதான் உள்தோல் வந்தது. கரையும் வேகமும் புதுத்திசு கட்டும் வேகமும் இணைந்து ஓட வேண்டும் என்பதை யானஸ் குழு ஒரு விதியாகவே எழுதிவைத்தது. பஞ்சின் மேலே தற்காலிக மேல்தோலாக ஒரு சிலிகான் படலம். 2, 3 வாரத்தில் அதை உரித்துவிட்டு, நோயாளியின் உடலில் வேறிடத்திலிருந்து சீவிய மிக மெல்லிய மேல்தோலை ஒட்டுகிறார்கள். 50 முதல் 95 விழுக்காடு வரை உடல் வெந்த 10 நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்திய அறிக்கை 1981இல் வெளிவந்தது. 'இன்டெக்ரா' என்ற பெயரில் 1996இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

குறுக்குப் பிணைப்பு என்றதும் சென்னைக்கு ஒரு நேரடியான உரிமை வந்துவிடுகிறது. கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்ற அமைப்பை 1954, 55இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் உலகுக்குச் சொன்னார்கள். அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்று பெயர் வைத்திருப்பது அந்த நினைவில்தான். 1948இல் தொடங்கிய அந்த நிறுவனம் செருப்புத் தோலோடு நிற்காமல், கொலாஜனைப் புண்ணுக்குக் கட்டாகச் செய்யும் ஆய்விலும் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறது. செருப்புக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தோல் பதனிடுதல் என்றால் என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். உரித்த தோல் இரண்டே நாளில் நாறும்; கிருமிகளின் நொதிகள் கொலாஜனைத் தின்றுவிடும். ஆவாரம்பட்டையோ கடுக்காயோ குரோம் உப்போ செய்வதெல்லாம் அந்த முறுக்குக் கயிறுகளுக்கு இடையே பிணைப்புப் போட்டு நொதிக்குப் பல் இறங்காமல் செய்வதுதான். பிணைப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் பதனிடுபவர்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு. தோலின் ஒரு கீற்றைத் தண்ணீரில் தொங்கவிட்டு மெல்லச் சூடேற்றுவார்கள். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் கீற்று சட்டென்று சுருண்டு குறுகும். பதனிடாத தோல் 60, 65 பாகையிலேயே சுருண்டுவிடும். நன்றாகக் குரோம் ஏறியது கொதிநீரையும் தாங்கும். புண்ணுக்கான கொலாஜன் படலத்தைச் செய்பவரும் இதே சுருக்க வெப்பநிலையைத்தான் அளக்கிறார். பதனிடுபவர் பிணைப்பை முடிந்தவரை ஏற்றப் பார்க்கிறார், புண்ணாற்றுபவர் பாதி வழியில் நிறுத்தப் பார்க்கிறார். காலத்துக்கும் அழுகாத தோல் ஒருவருக்கு வேண்டும். சொன்ன நாளில் அழுகும் தோல் மற்றவருக்கு வேண்டும். இதய அறுவையில் வைக்கும் பன்றி வால்வுகூட குளூட்டரால்டிஹைடில் பதனிட்டதுதான். அங்கே பதனிடுபவரின் கட்சியே சரி, ஏனென்றால் வால்வு திரும்ப வளராது, நிற்க வேண்டும். செயற்கை மூட்டும் அப்படியே. என் வாதம் திரும்ப வளரக்கூடிய இடங்களைப் பற்றியது.

இங்கே நம் நாட்டு மருத்துவர் ஒருவர் மறுக்கக்கூடும். வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும் வாழையிலையையும் தீக்காயத்துக்குக் கட்டி மும்பையில் நல்ல பலன் கண்டிருக்கிறார்களே, பேறுகாலத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வு போதுமே, இவ்வளவு விலையில் எதற்கு இந்தப் பஞ்சு? கேள்வி நியாயமானது, விடை காயத்தின் ஆழத்தில் இருக்கிறது. மேலோட்டமாக வெந்த தோலில் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அடியில் உயிரோடு இருக்கும். அவற்றின் வேர்களிலிருந்தே மேல்தோல் தீவு தீவாக எழுந்து பரவும். அந்தப் புண்ணுக்குத் தேவை ஒட்டாத, ஈரம் காக்கும் ஒரு மூடி. வாழையிலை அதை நன்றாகவே செய்கிறது, காஸ் துணியைப்போல் பிரிக்கும்போது உயிர்போகும் வலியையும் தருவதில்லை. அங்கே விலை உயர்ந்த பொருளைக் கட்டுவதை நான் வீண் என்பேன். வேர் முழுதும் வெந்த காயத்தில்தான் இலை கைவிடுகிறது, சாரம் தேவையாகிறது. கொலாஜனின் விலை போலவே அதன் மூலத்தையும் சிலர் கேட்பார்கள். மாடா, பன்றியா, மீனா என்று நோயாளிக்குத் தெரியும் மொழியில் முன்பே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. பொட்டலத்துக்குள் மறைக்க வேண்டிய செய்தி அல்ல அது.

இன்னொரு மறுப்பு ஆய்வுக்கூடத்திலிருந்து வரும். வெறும் சாரத்தின் காலம் முடிந்தது, வளர்ச்சிக் காரணிகளும் உயிருள்ள செல்களும் ஏற்றிய பொருள்கள் வந்துவிட்டன என்பார்கள். வளரும் செல்களை நானும் மதிக்கிறேன். ஆனால் அவை உண்மையில் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். 1998இல் ஒப்புதல் பெற்ற 'ஆப்லிகிராஃப்ட்' பிறந்த குழந்தைகளின் நுனித்தோல் செல்களை மாட்டுக் கொலாஜனில் வளர்த்த ஈரடுக்குத் தோல். நோயாளியின் உடலோடு ஒன்றாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்தபோது, ஒன்றிரண்டு மாதங்களில் அந்நியச் செல்களைக் காணவில்லை. இருந்தவரை செய்திகளைச் சுரந்துவிட்டு அவை போய்விட்டன. செல் ஏற்றிய சாரமும் கடைசியில் பிரிக்கப்படும் சாரம்தான். தங்கிவிடும் என்ற நம்பிக்கையை எல்லை மீறிக் கொண்டுபோனதற்கு 2011இல் ஸ்டாக்ஹோமில் நடந்தது சான்று. பிளாஸ்டிக்கில் செய்த மூச்சுக்குழாயில் நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களைத் தூவி, அது உயிருள்ள உறுப்பாகிவிடும் என்று பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் அறுவை செய்தார். பிளாஸ்டிக் கரையவில்லை, ரத்தக்குழாய் உள்ளே வரவில்லை, செல்கள் பிழைக்கவில்லை. அங்கே அவர் அறுவை செய்த மூவரும் இறந்தார்கள். 2023இல் சுவீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. தனிமனிதரின் நேர்மைக்கேட்டைத் தாண்டி அதில் ஒரு பொருளறிவியல் பிழையும் இருந்தது: பிரிக்கவே முடியாத சாரத்தை அவர் வீடு என்று நினைத்துவிட்டார்.

நம் நாட்டில் ஆறாத புண் என்றால் பெரும்பாலும் சர்க்கரை நோயாளியின் கால்தான். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான தேசிய ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. இந்தக் காலில் உயிரிப்பொருள்கள் எவ்வளவு சாதித்தன? வளர்ச்சிக் காரணிக் களிம்பான பெகாப்ளர்மின் 20 வாரத்தில் 50 விழுக்காட்டினருக்குப் புண்ணை மூடியது, மருந்தில்லாத களிம்பு 35 விழுக்காட்டினருக்கு. ஆப்லிகிராஃப்ட் 12 வாரத்தில் 56, வழக்கமான கட்டு 38. 2015இல் வெளியான சோதனையில் இன்டெக்ரா 16 வாரத்தில் 51, வழக்கமான கட்டு 32. முன்னேற்றம் மெய்யானது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆப்லிகிராஃப்ட் முடிவு வந்த அதே 2001இல், அதே மருத்துவ இதழில், இன்னொரு சோதனையும் வெளியானது. உள்ளங்கால் புண்ணோடு வந்தவர்களுக்குக் காலின் வடிவத்தை ஒட்டிப் பாரிஸ் சாந்துக் கட்டுப் போட்டதில் 12 வாரத்தில் சுமார் 90 விழுக்காட்டினருக்குப் புண் மூடியது. கழற்றி மாட்டும் காலணி உறை போட்டவர்களில் அது 65தான்.

இந்த ஒப்பீட்டில் ஓட்டை இருக்கிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு சோதனைகளின் நோயாளிகளும் ஒரே மாதிரி இல்லை. ரத்த ஓட்டம் கெட்ட கால், எலும்பு வரை அழுகிய கால் இவற்றுக்குச் சாந்துக் கட்டுப் போடக் கூடாது. சாந்துக் கட்டுச் சோதனையில் இருந்தவர்கள் 63 பேர் மட்டுமே. எண்ணை எண்ணோடு நேராகக் கழிக்க முடியாது. ஆனாலும் கழற்ற முடிந்த உறைக்கும் கழற்ற முடியாத கட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே சோதனைக்குள் வந்தது, அதைத் தள்ள முடியாது. உணர்ச்சியற்ற பாதம் வலிக்காது, ஆகவே நோயாளி மிதித்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு மிதியும் முந்தைய நாள் எழுந்த திசுவை நசுக்கும். இதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காரணம் நோயால் அழுகும் சதை அல்ல, உணர்வின்றி மிதிப்பதே என்று இங்கேதான் நிறுவினார். காலுக்குச் சாந்துக் கட்டு, ஆறிய பிறகு எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்பு என்ற வழி இங்கே வேரூன்றி, அவரோடு அமெரிக்காவுக்கும் போனது. சாந்துக் கட்டு புண்ணைத் தொட்டு மருந்து போடுவதில்லை. மிதி விழாத சில வாரங்களைப் புண்ணுக்கு வாங்கிக்கொடுக்கிறது, பிறகு வெட்டி எடுக்கப்படுகிறது. அதுவும் சாரமே.

அப்படியானால் பொருளறிவியலுக்கு இங்கே வேலை இல்லையா? இருக்கிறது, அதுவும் கடினமான வேலை. யானஸின் 2 வாரக் கணக்கு புதிதாக வெட்டிச் சுத்தம் செய்த காயத்துக்கானது. மாதக்கணக்கில் ஆறாத சர்க்கரைப் புண்ணில் ஊறும் நீரில் கொலாஜனைத் தின்னும் நொதிகள் இயல்பைவிட மிக அதிகம். தீக்காயத்தில் அளந்து வைத்த கடிகாரம் அங்கே முன்னால் ஓடும். படலம் நினைத்த நாளுக்கு முன்பே கரைந்துபோகும். அப்படிக் கரைவதையே பயனாக்கி, 'என்னைத் தின்னு, புதுத்திசுவை விடு' என்று நொதிகளுக்கு இரையாகும்படி செய்த கொலாஜன் கட்டுகளும் உண்டு. அவை அடிக்கடி மாற்றப்பட வேண்டியவை. ஆக, ஒரே கொலாஜன் ஒரு புண்ணில் சாரம், இன்னொரு புண்ணில் இரை. எலியின் முதுகில் கரையும் நாளை அளந்து ஆய்வேட்டில் போட்டுவிட்டு, அறுபது வயதுக்காரரின் குதிகால் புண்ணுக்கு அதையே நீட்டிச் சொல்வது தவறு. எலியின் தோல் மனிதத் தோலைவிடத் தளர்ந்தது, பெரும்பாலும் சுருங்கியே மூடுகிறது என்பதும் சேர்ந்தால் தவறு இரட்டிக்கிறது. நம் ஆய்வுக்கூடங்களில் ஆண்டுதோறும் புதுப்புதுப் பஞ்சுகள் பிறக்கின்றன. கைட்டோசான், பட்டு, மஞ்சள், வெள்ளித்துகள் என்று கலவைகளுக்குக் குறைவில்லை. மனிதப் புண்ணில் அவை எத்தனை நாள் தாங்கின என்று நோயாளிவாரியாகக் குறித்த பக்கங்களைத் தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்புகிறது.

இதைச் செய்யப் பெரிய செலவு வேண்டாம். கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் படலம் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை அளவுகோல் வைத்த ஒரு படமும் நாள் குறிப்புமாகச் செவிலியர் பதிந்தால் போதும். சர்க்கரை அளவு, பாதத்தின் ரத்த ஓட்டம், மிதியைத் தவிர்க்க என்ன செய்யப்பட்டது ஆகிய மூன்றும் அதே தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறியது பொருளாலா, சாந்துக் கட்டாலா என்று பிறகு யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. கொலாஜன் படலத்தின் பொட்டலத்தில் நீள அகலமும் கிருமி நீக்கிய முறையும் காலாவதித் தேதியும் அச்சாகின்றன. அதோடு இன்னும் இரண்டு வரி சேரட்டும்: வெட்டிச் சுத்தம் செய்த காயத்தில் இத்தனை நாள், ஆறாத சர்க்கரைப் புண்ணில் இத்தனை நாள் என்று.